சரளாவின் அரை மூச்சு

நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தவர் ஐயாவு. சமையலறைத் தரையில் பழைய நாளிதழை விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தலையும் குடலும் நாளிதழில் விழுந்தன, உடல் கிண்ணத்தில் விழுந்தது. முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டிய கை அது. நெத்திலி அந்தக் கைக்கு ரொம்பச் சின்னது என்றாலும் ஒன்றுகூட நசுங்கவில்லை.

அவர் மனைவி சரளா அடுப்பு மேடையில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டே கிண்ணத்தைப் பார்த்தாள். அரைக் கிலோவாவது இருக்கும். அப்படியென்றால் கோபமும் அந்த அளவுக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஐயாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். பேச்சை நிறுத்திவிட்டு வீட்டு வேலையில் இறங்கிவிடுவார். மகள் ஷாமினி பினாங்குக்கு வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன வாரத்தில், மலேசியாவில், ஈப்போவின் புந்தோங்கில் இருக்கும் அவர்களுடைய வரிசை வீட்டின் ஜன்னல் கம்பிகள் எல்லாவற்றுக்கும் புதுச் சாயம் கிடைத்தது.

"ஏங்க, நாளைக்கு நீங்க வாரீங்களா, நான் கிராப் டாக்சி போட்டுப் போவட்டுமா?"

இன்னொரு நெத்திலியின் தலை போனது.

நாளை வியாழக்கிழமை. சரளாவின் வலது நுரையீரலில் இருக்கும் ஒரு சின்னக் கட்டியை ஊசியால் குத்தி, அதில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பப் போகிறார்கள். ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை. பாரிட் புந்தாரில் இருந்த அவருடைய அண்ணன் அப்பாவு என்பவருக்கும் இப்படித்தான் நெஞ்சில் ஊசி குத்தினார்கள். நாலாவது மாதம் ஆள் போய்விட்டார். "குத்துனாங்க, பரவிருச்சு" என்பது அந்தக் குடும்பத்தில் யாரும் மறுக்காத செய்தி. அதற்கு முன் எட்டு மாதம் அப்பாவு ரத்தமாக இருமிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தார் என்பதைச் சரளா மட்டும்தான் எடுத்துச் சொல்லுவாள். துக்க வீட்டிலேயே சொன்னாள். அதற்காகக் கொழுந்தன்மார் இரண்டு பேர் இன்றைக்கும் அவளோடு சரியாகப் பேசுவதில்லை.

சரளா அப்படித்தான். சரியென்று பட்டதைச் சொல்லிவிடுவாள். எந்த இடம், எந்த நேரம் என்று பார்க்க மாட்டாள். ஒருவர் செய்த உதவிக்கு நன்றி சொல்லவும் அவளுக்கு வராது. அதற்குப் பதிலாக மறுநாள் ஒரு டின் முறுக்கு வரும்.

அவள் பிறந்தது கோப்பெங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. அவள் மின்பொருள் தொழிற்சாலை ஒன்றில் பன்னிரண்டு வருஷம் சின்னச் சின்னக் கம்பிகளை ஒட்டினாள். அந்தத் தொழிற்சாலையும் வேறு நாட்டுக்குப் போனது. வேலை போன மூன்றாம் நாள் புந்தோங்கில் ஒரு கச்சாங் பூத்தே பட்டறையின் வாசலில் போய் நின்றாள். கடலை, பக்கோடா, முறுக்கு என்று பொரித்துப் பொட்டலம் கட்டும் இடம் அது. அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கச்சாங் பூத்தே என்றுதான் பெயர். "முறுக்கு சுத்தத் தெரியுமா?" என்று அப்போதைய முதலாளியம்மா கேட்டார். "தெரியாது. ஒரு வாரத்துல தெரிஞ்சிரும்" என்றாள் சரளா. அன்றிலிருந்து இருபத்து மூன்று வருஷமாக முறுக்கு அடுப்பு அவளுடையது. இப்போது முதலாளியம்மாவின் மருமகள் தினேஸ்வரி பட்டறையை நடத்துகிறாள். அடுப்பு மாறவில்லை, அடுப்படியில் நிற்கிற ஆளும் மாறவில்லை.

இந்த வருஷம் ஆகஸ்டு மாதம் அவளுக்கு இருமல் வந்தது. எண்ணெய்ப் புகை என்று நினைத்தாள். இருமல் செப்டம்பரிலும் நின்றபாடில்லை. கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். சளியை மூன்று முறை சோதித்தார்கள். அதில் எதுவும் தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தபோதுதான் கட்டி தெரிந்தது. ஒரு கொண்டைக்கடலை அளவு இருக்கும். நெஞ்சு மருத்துவர் யாழினி படத்தில் அதைக் காட்டினார்.

"இது கேன்சரா இருக்கலாம், வேற எதாவதாவும் இருக்கலாம். படத்த மட்டும் பாத்து சொல்ல முடியாதுமா. ஒரு துணுக்கு எடுத்தே ஆகணும்."

"எடுங்க" என்றாள் சரளா.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐயாவு அந்த அறையில் பேச்சை நிறுத்தியவர்தான்.

ஆனால் வியாழக்கிழமை காலை காரைக் கழுவி வாசலில் நிறுத்தியிருந்தார். ஒரு வார்த்தை பேசாமல் ஆஸ்பத்திரிவரை ஓட்டினார். உள்ளே மட்டும் வரவில்லை. கார் நிறுத்தும் இடத்திலேயே கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஸ்கேன் அறையில் ஊசி போடுகிற மருத்துவரின் பெயர் சாத்தப்பன். செட்டிநாட்டுக் குடும்பத்துப் பிள்ளை, நாற்பது வயதிருக்கும். பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் முழுதாகச் சொல்வார். சரளாவைக் குப்புறப் படுக்க வைத்து, கைகளைத் தலைக்கு மேல் நீட்டச் சொன்னார்.

"அம்மா, கட்டி நுரையீரலோட அடிப்பக்கத்துல இருக்கு. நீங்க மூச்சு இழுத்தா அது கீழ இறங்கும், விட்டா மேல ஏறும். நான் ஊசியக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள கொண்டு போவேன். ஒவ்வொரு தடவையும் படம் எடுத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் நீங்க ஒரே அளவு மூச்சுல நிக்கணும். நீங்க நின்னாத்தான் அது நிக்கும்."

"சரி டாக்டர்."

"இருமக் கூடாது. பேசக் கூடாது."

"சரி."

கருவியை இயக்கும் மலாய்ப் பெண், ஃபரா, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் சொன்னாள்: "தாரிக் நஃபாஸ், ஆன்ட்டி... தஹான்." மூச்சை இழுத்து நிறுத்த வேண்டும். சரளா இழுத்தாள். எண்ணெய் டின்னைத் தூக்கும்போது தம் கட்டுவது போல, கழுத்து நரம்பு புடைக்க இழுத்து நிறுத்தினாள். முதல் படத்தில் கட்டி ஒரு இடத்தில் இருந்தது. அடுத்ததில் இரண்டு விரல் கீழே போயிருந்தது. "கொஞ்சமா இழுத்தாப் போதும்மா" என்றார் சாத்தப்பன். கொஞ்சமாக இழுத்தாள். அடுத்த முறை அந்தக் கொஞ்சம் வேறு கொஞ்சமாக இருந்தது. மரத்துப்போகும் மருந்து போட்டாகிவிட்டது. ஊசியின் முனையும் தோலுக்குள் நின்றது. உள்ளே போக முடியவில்லை. நாற்பது நிமிஷம் பார்த்துவிட்டு மருத்துவர் ஊசியை எடுத்துவிட்டார்.

"உங்க மேல தப்பு இல்லைம்மா. நம்ம ஆளுங்க எல்லாருமே இப்படித்தான். மூச்சப் பிடின்னு சொன்னா மூட்டை தூக்குற மூச்சப் பிடிப்பாங்க. எனக்கு வேண்டியது அது இல்ல. சும்மா நிக்கிற மூச்சு." கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "அடுத்த வியாழக்கிழமை இன்னொரு தடவை பார்ப்போம். அன்னைக்கும் முடியலன்னா நெஞ்சத் திறந்துதான் எடுக்கணும்."

சரளா எழுந்து உட்கார்ந்து ரவிக்கையின் கொக்கியை மாட்டினாள். ஐம்பத்தேழு வயதில் ஒரு வேலையில் தோற்றுப்போனது போல அவளுக்கு இருந்தது. வலியைவிட அதுதான் அவளை உறுத்தியது.

காரில் ஐயாவு பத்து நாளில் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"சாமியே வேணாம்னு சொல்லிருச்சு."

"சாமி ஒண்ணும் சொல்லல. என் நெஞ்சு நிக்கல. இதுக்கு எதுக்கு சாமிய இழுக்குறீங்க?"

"அதான், விட்டுரு."

"விட்டா நெஞ்சப் பொளந்துதான் எடுப்பாங்களாம். அது பரவாயில்லையா உங்களுக்கு?"

ஐயாவு சமிக்ஞை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் குளியலறை ஓடுகளின் இடுக்குகளைப் பழைய பல் துலக்கியால் தேய்த்தார்.

வெள்ளிக்கிழமை சரளா வேலைக்குப் போனாள். தீபாவளிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. பட்டறையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்க, அவள் முறுக்கு அச்சில் மாவை அடைத்து, கவிழ்த்த கரண்டியின் மேல் பிழிய ஆரம்பித்தாள். முதுகில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி வேர்வையில் அரித்தது. பொட்டலத்துக்கு அருகே நின்ற தினேஸ்வரி கேட்டாள்.

"அக்கா, டாக்டர் என்ன சொன்னாரு?"

மாவு மூன்று வளையமாகச் சுற்றி வந்தது. நுனியை விரலால் அழுத்தி ஒட்டி, கரண்டியை எண்ணெயில் சரித்த பிறகு சரளா சொன்னாள்.

"அடுத்த வாரம் மறுபடியும் வரச் சொன்னாரு."

தினேஸ்வரி சிரித்துவிட்டாள். "இருவது வருஷமா இதே கதைதான் லா. எங்க மாமி சொல்லுவாங்க, சரளாகிட்ட கேள்வி கேட்டா முறுக்கு எண்ணெயில விழுந்தப்புறம்தான் பதில் வரும்னு. பட்டறை பத்திக்கிட்டு எரிஞ்சாலும் அந்த மூணு சுத்த முடிச்சிட்டுத்தான் ஓடுவீங்க."

"பேசிக்கிட்டே சுத்துனா கோணும்டி."

சொல்லிவிட்டு அடுத்ததற்கு அச்சைத் தூக்கியவள், தூக்கிய கையோடு நின்றாள். தன் நெஞ்சைக் கவனித்தாள். அச்சு கரண்டிக்கு மேல் வந்ததும் மூச்சு பாதி வெளியே போயிருந்தது. போய், நின்றிருந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. இழுக்கவும் இல்லை, தம் கட்டவும் இல்லை. மூன்று சுற்று முடியும்வரை அது அங்கேயே நின்றது. நுனியை ஒட்டியதும் தானாக உள்ளே வந்தது. வேண்டுமென்றே மூச்சு விட்டுக்கொண்டு ஒன்று சுற்றிப் பார்த்தாள். அது நெளிந்து, பட்டறையில் முதல் வாரத்தில் அவள் சுற்றிய முறுக்கு மாதிரி வந்தது.

"தினேசு, இங்க வா. என் முதுகுல கை வெச்சுப் பாரு. அசையுதான்னு சொல்லு."

"எதுக்குக்கா?"

"வையேன்."

தினேஸ்வரி மாவுக் கையோடு வந்து வைத்தாள். சரளா ஆறு முறுக்கு பிழிந்தாள். பொட்டலம் கட்டுகிற பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"அசையவே இல்லக்கா. ஆறு தடவையும் அதே எடத்துலதான் வந்து நிக்குது." தினேஸ்வரியின் குரல் மாறியிருந்தது. "அச்சுல போட்ட மாதிரி இருக்கு."

ஒரு நாளைக்கு நானூறு, தீபாவளி சமயத்தில் அறுநூறு. இருபத்து மூன்று வருஷம். எத்தனை லட்சம் தடவை அந்த அரை மூச்சு வந்து நின்றிருக்கும் என்று சரளா கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அவளுக்கு வேறு ஒரு கவலை இருந்தது. பட்டறையில் அவள் நின்றுகொண்டு பிழிகிறாள். ஸ்கேன் அறையில் குப்புறப் படுக்க வேண்டும். கையில் அச்சும் இருக்காது.

சனிக்கிழமை மத்தியானம் துவைத்த துணியை மடித்து எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் வந்த ஐயாவு அப்படியே நின்றுவிட்டார். மனைவி தரையில் பாயின் மேல் குப்புறக் கிடந்தாள். இரண்டு கையும் தலைக்கு மேல் நீட்டியிருந்தன. வலது கை எதையோ பிடித்திருப்பது போல மூடியிருந்தது. அவள் முதுகின் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதில் பாதித் தண்ணீர்.

"இந்தா... என்னா பண்ற? விழுந்துட்டியா?"

மூடிய கை மூடியபடியே இருந்தது.

"சரளா!"

துணி கட்டிலில் போய் விழுந்தது. அவர் மண்டி போட்டபோது அவள் கை திறந்தது, மூச்சு உள்ளே வந்தது.

"முறுக்கு சுத்துனேன்."

"பைத்தியமா உனக்கு? நான் பயந்தே போயிட்டேன்."

"டம்ளர் ஏறுதா எறங்குதானு எனக்குத் தெரிய மாட்டேங்குது. கழுத்து திரும்பல. நீங்க பாத்து சொல்றீங்களா?"

ஐயாவு எழுந்தார். எழுந்தவர் வாசல்வரை போனார். லாரியில் சரக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வீதி முனையிலேயே கண்டுபிடிக்கிற ஆள் அவர். சுவரில் படம் கோணலாக இருந்தால் சாப்பாடு இறங்காது. திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, டம்ளரின் விளிம்பை அலமாரிக் கதவில் இருந்த கோட்டோடு சேர்த்துப் பார்த்தார்.

"ம். இப்ப நில்லு."

அவள் கை மூடியது.

"ஒரு நூலு மேல போயிருச்சு. திரும்ப."

கை மூடியது.

"இன்னும் மேலதான் இருக்கு. நீ யோசிக்கிற. யோசிக்காத."

முப்பது தடவை செய்தார்கள். பத்துக்குப் பிறகு விளிம்பு கோட்டில் வந்து நின்றது. இருபதுக்குப் பிறகு கோட்டைவிட்டு விலகவே இல்லை. இடையில் அவளுக்கு இருமல் வந்து டம்ளர் கவிழ்ந்து பாய் நனைந்தது. ஐயாவு துணியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் தண்ணீர் ஊற்றினார்.

"ஊசி வேணாம்னுதான் நான் இன்னமும் சொல்றேன்" என்றார்.

"சொல்லுங்க. கோட்டப் பாத்துக்கிட்டே சொல்லுங்க."

வியாழன்வரை தினமும் இரண்டு வேளை இது நடந்தது. ஷாமினி பினாங்கிலிருந்து காணொளியில் கூப்பிட்டபோது ஐயாவு கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "இருமா, உங்கம்மா நிக்கிறா" என்றார். அப்பா பேசுகிறார் என்பதிலேயே மகளுக்குப் பாதிச் செய்தி புரிந்துவிட்டது.

இரண்டாவது வியாழக்கிழமையும் அவர் காரிலேயே உட்கார்ந்துகொண்டார். சரளா தனியாக உள்ளே போனாள். குப்புறப் படுத்து, கன்னத்தைத் தலையணையில் வைத்ததும் சொன்னாள்.

"டாக்டர், ஒண்ணு சொல்லலாமா? ஊசி போட்டதுக்கப்புறம் பேசக் கூடாதுல்ல, அதான்."

"சொல்லுங்க அம்மா."

"அந்தப் பொண்ணு சொல்ற மூச்சு எனக்கு வராது. அது சொல்லவே வேணாம். நான் பாட்டுக்கு நிப்பேன். நின்னா இந்தக் கை மூடும். கை மூடியிருக்கிறவரைக்கும் நீங்க உங்க வேலையப் பாருங்க. தொறந்தா விட்டுருங்க."

சாத்தப்பன் அதை மலாயில் ஃபராவிடம் சொன்னார். ஃபரா தோளைக் குலுக்கினாள்.

"எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"ஒரு முறுக்கு நேரம்."

அது எத்தனை விநாடி என்று அவர் கேட்கவில்லை. "சரி, பார்ப்போம்" என்றார். அந்தக் குரலில் நம்பிக்கை அதிகம் இல்லை.

கை மூடியது. படம் எடுத்தார்கள். கை திறந்தது. மூடியது. இரண்டாவது படம். மூன்றாவது படத்தை எடுத்துவிட்டு ஃபரா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒலிபெருக்கியில் மலாயில் கேட்டாள்: "டாக்டர், இது புதுப் படமா, இல்ல பழைய படமேதானா?" சாத்தப்பன் உள்ளே போய்ப் பார்த்தார். மூன்று படத்திலும் கட்டி ஒரே இடத்தில் இருந்தது. அவர் வெளியே வந்து புதுக் கையுறை மாட்டினார்.

மரத்துப்போகும் மருந்து முதலில் எரிந்தது, பிறகு அந்த இடம் அவளுடையதில்லை என்பது போல ஆனது. ஊசி உள்ளே வருவது வலியாகத் தெரியவில்லை. யாரோ விலா எலும்புகளுக்கு இடையில் விரலை வைத்து அழுத்துவது போல இருந்தது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அவள் ஒரு முறுக்கு பிழிந்தாள். கண்ணுக்கு எதிரே வெள்ளைச் சுவர்தான் இருந்தது. அதில் கரண்டியை வைத்தாள், மாவை இறக்கினாள், மூன்று சுற்று, நுனி. எண்ணெயில் சரித்தாள். அடுத்தது.

"முனை கட்டிக்குள்ள போயிருச்சு. இப்ப 'டக்'குனு ஒரு சத்தம் கேட்கும். அசையாதீங்க."

கை மூடியது. டக். காகிதம் தைக்கிற கருவியின் சத்தம் மாதிரி இருந்தது. முதல் துணுக்கு.

இரண்டாவதுக்குக் கை மூடியபோது அவள் தொண்டைக்குள் இருமல் ஊர்ந்து ஏறியது. இந்த இருமலை அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு மாதமாகக் கூடவே இருக்கிறது. சின்னதாக அரித்து, பிறகு உடம்பையே உலுக்கும். ஊசி உள்ளே இருக்கிறது. உலுக்கினால் நுரையீரல் கிழியும் என்று கையெழுத்து வாங்கும்போதே சொல்லியிருந்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது. கையை அவள் திறக்கவில்லை. வளையம் இரண்டாவது சுற்றில் இருந்தது. ஒன்றை ஆரம்பித்துவிட்டு இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு நாளும் பாதியில் விட்டதில்லை. மூன்றாவது சுற்றைச் சுற்றினாள். டக். நுனியை ஒட்டினாள். துணுக்கோடு ஊசி பின்வாங்கியது. அவள் கை திறந்தபோது இருமல் எங்கோ கீழே இறங்கிப் போயிருந்தது.

நான்கு துணுக்குகள் எடுத்தார்கள். சோதனைக் குடுவைக்குள் அவை பச்சரிசிக் குருணை போல மிதந்தன. சாத்தப்பன் அதை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தார்.

"தாராளமா இருக்கு. நெஞ்சத் திறக்க வேண்டிய அவசியம் இல்ல." பிறகு அவள் காதருகே குனிந்தார். "நான் பத்து வருஷமா இந்த வேலை செய்யுறேன் அம்மா. ஒருத்தர்கூட இப்படி நின்னதில்ல."

சரளா பதில் சொல்லவில்லை. பேசக் கூடாது என்று அவர்தானே சொல்லியிருந்தார்.

வார்டில் அவளை ஊசி போட்ட பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். நாலு மணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும். பேச்சு கூடாது. எக்ஸ்ரேயில் காற்று லேசாகக் கசிந்திருந்தது. படுத்திருந்தால் தானாக அடைத்துக்கொள்ளும் என்றார்கள். தாதி போன் செய்து சொன்ன பிறகுதான் ஐயாவு காரை விட்டு இறங்கி மேலே வந்தார். கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை நாளாக ஒன்றிரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டவருக்கு இப்போது பேச்சு வந்தது. கேட்கிறவள் பதில் சொல்ல முடியாது என்பதால்தானோ என்னவோ.

பாசாரில் இன்று கத்திரிக்காய் நன்றாக இல்லை என்றார். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணன் விசயத்துல நீ சொன்னதுதான் சரி. எனக்கும் தெரியும். எட்டு மாசம் மறைச்சிட்டாரு." கொஞ்ச நேரம் விரல்களை நெட்டி முறித்தார். "நான் ஊசிக்குப் பயப்படல. உள்ள என்னா இருக்குனு தெரிஞ்சிருமேனுதான். முப்பது வருஷம் ரோக்கோ புடிச்சேன். புகைய வீட்டுக்குள்ளதான் ஊதுனேன். நான் ஊதுனது எனக்கு வராம உனக்கு வந்து உக்காந்திருச்சோனு..."

முடிக்கவில்லை. சரளா போர்வைக்கு வெளியே கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு முறுக்கு நேரம் பிடித்திருந்துவிட்டு, தண்ணீர்ப் பாட்டிலைச் சுட்டிக் காட்டினாள். அவர் உறிஞ்சு குழாயைப் போட்டு வாயருகே பிடித்தார். பார்வையாளர் நேரம் முடியும்வரை அவர் இன்னும் பல விஷயங்கள் பேசினார். வலித்ததா என்று மட்டும் கேட்கவில்லை.

பதினைந்தாம் நாள் முடிவு வந்தது. டாக்டர் யாழினியின் அறையில் இரண்டு நாற்காலிகள். இந்தத் தடவை ஐயாவு காரில் இருக்கவில்லை. மருத்துவர் கோப்பைத் திறந்தபோது சரளாவின் மூச்சு பாதியில் நின்றது. மடியில் இருந்த கை மூடியிருந்தது.

"கேன்சர் இல்லம்மா."

கை திறக்கவில்லை. இன்னும் முடியவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"டி.பி. காசநோய்க் கிருமி உள்ளுக்குள்ளயே கட்டி மாதிரி உருண்டு உக்காந்திருக்கு. அதான் சளியில தெரியல. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டாக் கரைஞ்சிரும். ஒரு நாள்கூட விடக் கூடாது. ஊசியில துணுக்கு கிடைக்கலன்னா, இதுக்குப் போய் நெஞ்சத் தொறந்திருப்போம்."

கை திறந்தது.

"பட்டறைக்குப் போலாமா? தீபாவளிக்குப் பதினஞ்சு நாள்தான் இருக்கு."

"சளியில கிருமி இல்லாததால மத்தவங்களுக்குப் பரவ வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஆனா ரெண்டு வாரம் வீட்டுல இருங்க. அப்புறம் போலாம்."

"ஒரு வாரம்."

"ரெண்டு வாரம்மா."

"சரி. தீபாவளிக்கு முந்தின நாள் போறேன்."

ஐயாவு கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். "ரோக்கோவால வந்தது இல்லையே டாக்டர்?"

"இல்ல அங்கிள். கிருமியால வந்தது. அதுக்காக மறுபடியும் ஆரம்பிச்சிராதீங்க." யாழினி இன்னொரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். "டி.பி.ங்கிறதால வீட்டுல கூட இருக்கிறவங்களையும் பாக்கணும். உங்களுக்கு ஒரு எக்ஸ்ரே. அப்புறம் முன்கையில சின்னதா ஒரு ஊசி. மூணாம் நாள் வந்து அந்த இடத்தக் காட்டணும்."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். இன்னைக்கே போட்டுக்கலாம். தாதி இப்ப வருவாங்க."

ஐயாவு தன் இடது முன்கையைப் பார்த்தார். வலது உள்ளங்கையால் அதை மெல்ல மூடிக்கொண்டார்.

சரளா மருந்துச் சீட்டை வாங்கி, மடித்து, பைக்குள் வைத்தாள். வெளியே மருந்து கொடுக்கும் இடத்தில் எண்களைக் கூப்பிடுவது கேட்டது. எழுந்து புடவை முந்தானையைச் சரி செய்தாள்.

"சரளா" என்றார் ஐயாவு. "வலிக்குமா?"

அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

"இந்தா, உன்னத்தான் கேக்குறேன் லா. வலிக்குமா?"

சரளா கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.